அக்குபஞ்சருக்கு நாள் தவறிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 42. பதினோரு நாட்களுக்கு முன் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடப்பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் வலப்பக்கம் கோணியிருந்தது. இடது கண்ணை மூட முடியவில்லை. மறுநாளே மருத்துவரிடம் போனேன். பக்கவாதம் இல்லை, ‘பெல்ஸ் பால்சி’ என்ற முகவாதம் என்று சொல்லி, பத்து நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்துவிட்டது, முகம் அப்படியேதான் இருக்கிறது. அக்குபஞ்சர் செய்யும் ஒருவர், “முதல் வாரமே வந்திருக்க வேண்டும், தாமதித்துவிட்டீர்கள்” என்கிறார். இன்னொருவர், “மூன்று வாரம் கழியும்வரை முகத்தில் ஊசி குத்தவே கூடாது” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? நான் நாளைத் தவறவிட்டேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தவறவிடவில்லை, சகோதரி. இந்த நோயில் உறுதியாகத் தெரிந்த கெடு ஒன்றுதான். அதை நீங்கள் இரண்டாம் நாளே எட்டிவிட்டீர்கள். முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்பதே அந்தக் கெடு. ஸ்காட்லாந்தில் சுமார் ஐந்நூறு பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அந்த நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் முழுதும் தேறியிருந்தார்கள். எடுக்காதவர்களில் 64 சதவீதம். ஒன்பது மாதத்தில் அது 94க்கு 82. அக்குபஞ்சரின் நேரம் பற்றி இந்த அளவுக்குத் தெளிவான கணக்கு யாரிடமும் இல்லை. உங்களைக் கடிந்துகொண்டவரிடமும் இல்லை.

பதினோராம் நாளில் முகம் அசையாமல் இருப்பது ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கலக்கம் தீரும். முகத்தசைகளை இயக்கும் நரம்பு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் ஊடே ஒரு குறுகலான குழாய் வழியாக வருகிறது. அதன் மிக ஒடுங்கிய பகுதி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே நரம்பு வீங்கினால் விரிய இடமில்லாமல் நசுங்குகிறது. நசுங்கியதில் செய்தி மட்டும் தடைபட்டிருந்தால், வீக்கம் வடிந்ததும் சில வாரங்களில் அசைவு திரும்பும். நரம்பிழைகளே சிதைந்திருந்தால் அவை புதிதாக வளர்ந்து தசையைத் தொட வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் நடக்கும் வேலை அது, மாதக்கணக்கில் ஆகும். இந்த இரண்டில் எது என்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் உள்ளே முடிவாகிவிடுகிறது. ஆகவே ஒன்றைக் கவனியுங்கள்: இடப்புருவத்திலோ உதட்டோரத்திலோ இலேசான துடிப்பாவது இருக்கிறதா? இருந்தால் மிக நல்ல அறிகுறி. அறவே இல்லையென்றால், நரம்பின் நிலையை அளக்கும் மின்பரிசோதனை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அந்தப் பரிசோதனை முதல் பதினான்கு நாட்களுக்குள் செய்தால்தான் நன்றாகப் பயன்படும்.

இனி அந்த இருவரின் வாதம். இது அவர்கள் இருவருக்கும் இடையில் தோன்றிய புதுச் சண்டையன்று. சீன மருத்துவர்களுக்குள்ளேயே நெடுநாளாக இருப்பது. தொடக்கத்திலேயே ஊசி குத்தினால் இரத்த ஓட்டம் பெருகி வீக்கம் சீக்கிரம் வடியும் என்பது ஒரு கட்சி. வீங்கிச் சிவந்த நரம்பை மேலும் சீண்டக்கூடாது என்பது எதிர்க்கட்சி. நடைமுறையில் பலர் இடைவழியில் போகிறார்கள். முதல் வாரம் முகத்தில் சில ஊசிகளை மட்டும் மேலோட்டமாக வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள ‘ஹெகு’ போன்ற தொலைவுப் புள்ளிகளில் கவனம் வைப்பார்கள். நாட்கள் போகப் போக முகத்தில் ஊசிகளையும் தூண்டலின் வலுவையும் கூட்டுவார்கள்.

“சீக்கிரம் வந்தவர்கள் எல்லாரும் குணமானார்கள்” என்று யாராவது சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. டென்மார்க்கில் எந்தச் சிகிச்சையும் தராமல், பெல்ஸ் பால்சி வந்த 1,701 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. 71 சதவீதம் பேர் முழுமையாகத் தேறினார்கள். இப்போது இரண்டு சிகிச்சையாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மூன்றாம் நாளில் வருபவர்களைப் பார்க்கிறார். அவர் கையில் ஊசிக்குப் பதில் வெறுங்கை இருந்திருந்தாலும் பத்தில் ஏழு பேர் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். மற்றவர் மூன்று மாதம் கழித்து வருபவர்களைப் பார்க்கிறார். தானாகத் தேறியவர்கள் அவரிடம் வருவதே இல்லை, எஞ்சிய கடினமானவர்கள் மட்டும் வருகிறார்கள். முதலாமவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். இந்தக் காரணத்தால்தான் ‘சீக்கிரம்’, ‘தாமதம்’ என்ற ஒப்பீட்டை ஒரு சிகிச்சையாளரின் அனுபவத்தை வைத்து மட்டும் தீர்க்க முடியாது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் கண்ணே அவரை ஏமாற்றும்.

முறையான ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2010இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, 537 பேர் கலந்துகொண்ட ஆறு ஆய்வுகளை எடைபோட்டு, அவற்றின் தரம் போதாததால் முடிவு சொல்ல இயலாது என்று விட்டுவிட்டது. 2013இல் சீனாவிலிருந்து இன்னும் கவனமான ஆய்வு ஒன்று வந்தது. அதில் 338 பேர். முகம் கோணி ஒரு வாரத்துக்குள் சேர்க்கப்பட்டவர்கள். எல்லாருக்கும் ஸ்டீராய்டு உண்டு. ஒரு பிரிவினருக்கு ஊசியைச் சுழற்றி வலுவாகத் தூண்டினார்கள்; மறுபிரிவினருக்கு ஊசியைக் குத்திச் சும்மா விட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வலுவாகத் தூண்டப்பட்டவர்களின் முகம் மேலும் நன்றாகத் தேறியிருந்தது. இதை வைத்துப் பார்த்தால், மூன்று வாரம் தொடவே கூடாது என்பவரின் கண்டிப்புக்கு ஆதாரம் மெலிகிறது. அதற்காக முதலாமவர் ஜெயித்துவிடவும் இல்லை. முன்கூட்டி வந்தவர், பின்னால் வந்தவர் என்று பிரித்து அந்த ஆய்வு ஒப்பிடவில்லை. ஊசியே குத்தாத பிரிவும் அதில் கிடையாது. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சங்கம் அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ஸ்டீராய்டை வலியுறுத்திவிட்டு, அக்குபஞ்சரைப் பற்றி வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் பரிந்துரைக்கவில்லை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆகவே என் கருத்து இது: உங்களுக்கு விருப்பமிருந்தால் இப்போதே தொடங்கலாம், விருப்பமில்லையென்றால் தொடங்காததால் எதையும் இழந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது மூன்று வாரம் தாண்டியிருக்கலாம். அக்குபஞ்சரைப் பொறுத்தவரை அப்போதும் இதே பதில்தான். தொடங்கினால் மென்மையாகத் தொடங்கச் சொல்லுங்கள். ஊசியில் மின்சாரம் இணைப்பது இப்போதைக்கு வேண்டாம். அதனால் கூடுதல் பலன் உண்டு என்பது தெளிவாகவில்லை. வளர்ந்துவரும் நரம்பைத் தாறுமாறாகத் தூண்டிவிடுமோ என்ற ஐயம் பலருக்கு உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராகவோ கர்ப்பிணியாகவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே முறை பயன்படுத்தும் ஊசிதானா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். “தாமதித்துவிட்டீர்கள்” என்று பயமுறுத்தி, நீண்ட தொகுப்புச் சிகிச்சைக்கு மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கட்டச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். ஸ்டீராய்டு வேண்டாம், ஊசி போதும் என்று யாரும் சொல்ல உங்கள் விஷயத்தில் வழியில்லை. இதைப் படிக்கும் வேறொருவருக்கு இன்றோ நேற்றோ முகம் கோணியிருந்தால், முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத ஒரு விஷயம், கண். மூடாத கண்ணுக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. முகத்தசை ஆறு மாதம் கழித்தும் திரும்பும். காய்ந்து புண்ணாகிக் கருவிழியில் விழுந்த தழும்பு பார்வையை நிரந்தரமாக மங்கவைக்கலாம். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளை அடிக்கடி விடுங்கள். இரவில் கண்ணுக்கான களிம்பு பூசி, இமையை முழுதாக மூடி மேலே டேப் ஒட்டுங்கள். இமை திறந்த நிலையில் டேப் ஒட்டினால் அதுவே கண்ணை உரசிவிடும். வெளியே போகும்போது கண்ணாடி அணியுங்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

சில மாதங்கள் கழித்து வேறொரு தொல்லை தலைகாட்டலாம். சிரித்தால் கண் சுருங்கும், கண் மூடினால் வாயோரம் இழுக்கும். புதிதாக வளர்ந்த இழைகள் வழி மாறித் தசைகளைச் சேர்ந்ததன் விளைவு இது. அந்தக் கட்டத்தில் தசையை மேலும் வலுவாகத் தூண்டுவது தேவையில்லை. கண்ணாடி முன் மெதுவாக, தனித்தனியாக அசைக்கப் பழக்கும் பிசியோதெரபியும், சிலருக்குத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும் உதவும். இத்தகைய மிச்சக்குறைகளுக்கு அக்குபஞ்சர் செய்து பார்த்த 2015ஆம் ஆண்டின் சிறிய கொரிய ஆய்வு ஒன்றில் முன்னேற்றம் தெரிந்தது. 39 பேர் மட்டுமே இருந்தார்கள். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களோடுதான் ஒப்பிட்டார்கள். கதவு மூடவில்லை என்று சொல்ல அது போதும், வாக்குறுதி கொடுக்கப் போதாது.

வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், புருவம் உயர்த்தி, கண் மூடி, சிரித்து ஒரு சிறு வீடியோ எடுத்து வையுங்கள். நாள்தோறும் கண்ணாடி பார்ப்பவருக்கு முன்னேற்றம் தெரியாது. காதில் கொப்புளம், கேட்கும் திறன் குறைவு, கை கால் தளர்ச்சி, வாரங்கள் போகப் போகக் கூடிக்கொண்டே வரும் கோணல் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் ஆகியும் முகம் முழுமையாகத் தேறவில்லை என்றால் நரம்பியல் அல்லது காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் அந்த வீடியோக்களோடு போங்கள். அதுவரை சிறிதளவு அசைவுகூட வரவில்லை என்றால், ஸ்கேன் எடுத்துக் காரணத்தை மறுபடி தேடச் சொல்லிக் கேளுங்கள்.