வீட்டில் சும்மாதானே இருந்தோம், பிறகு ஏன் ஊரடங்கில் பலருக்கு பிபி ஏறியது?

கேள்வியில் இருக்கும் "சும்மா" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. நீங்கள் சின்ன வயதுக்காரர் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் மூன்று வேளையும் சாப்பாடு உங்கள் தட்டுக்கு வந்திருக்கும். சமைத்தவரைக் கேட்டிருந்தால் இந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டீர்கள்.

எங்களுக்கு மதுரை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது எனக்கு 44 வயது. பிபி, சுகர் எதுவும் கிடையாது. தினமும் காலையில் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று நடந்துவிட்டு வருவேன். முதலில் நின்றது அதுதான். எல்லோரும் வீட்டிலேயே என்றானதும், காலை ஐந்தரைக்குப் பற்ற வைத்த அடுப்பு ராத்திரி பத்து வரை அணையாது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் முந்தின நாள் காய்கறிக்கு ஊரே முண்டியடித்தது. எனக்குக் கிடைத்தது அரைக் கிலோ கத்தரிக்காய். அப்புறம் பல நாள் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாயை வைத்துத்தான் சோறு இறங்கியது. அத்தனையும் உப்பு என்று அப்போது தோன்றவில்லை.

மாமியாருக்கு இருபது வருடமாக பிபி. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து அவருக்காக ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கினோம். ஜூன் கடைசியில், மதுரையில் மறுபடி கெடுபிடி ஊரடங்கு வந்த வாரம், அவருக்குப் பார்த்தேன். 132/80. "பின்மண்டை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கியே, நீயும் கட்டிப் பாரு" என்றார். பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கினேன். 164/102. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து அவர் கையிலேயே திரும்பக் கட்டினேன். 130. என் கையில் மறுபடி 160. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்தார்.

டாக்டர் போனில் பேசினார். ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை 5 மில்லிகிராம் கொடுத்தார். இன்றும் போடுகிறேன்.

"முன்பே இருந்திருக்கும், ஊரடங்கைக் குறை சொல்லாதே" என்று யாராவது வருவீர்கள். அந்த ஜனவரியில் ரத்ததான முகாமில் எனக்கு 118/78. சீட்டு இன்னும் இருக்கிறது. ஊரடங்கே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பேரை இழந்தோம்.

என் ஒருத்தி கதை மட்டுமில்லை இது. அமெரிக்காவில் சுமார் 4.6 லட்சம் பேரின் அளவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2021 டிசம்பரில் சர்குலேஷன் என்ற இதய மருத்துவ இதழில் வந்தது. 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பிபியின் மேல் அளவு, முந்தின வருடம் அதே மாதத்தில் இருந்ததைவிட சராசரியாக 1.1 முதல் 2.5 புள்ளி வரை கூடியிருந்தது. பெண்களுக்குத்தான் அதிகம் கூடியிருக்கிறது. உடம்பு எடை போட்டதால் வந்தது என்றும் சொல்லிவிட முடியவில்லை. சராசரி என்பதால் சின்ன எண்ணாகத் தெரியும். அதற்குள் என்னைப் போல நாற்பது புள்ளி ஏறியவர்களும் இருப்பார்கள்.

வேன் கடனையும் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்காரரின் டூரிஸ்ட் வேன் மார்ச்சிலிருந்து வாசலில் நின்றது. ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. கடன் கொடுத்த இடத்தில் "இப்ப கட்ட வேண்டாம் சார்" என்றார்களே தவிர, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், நவம்பரில் வட்டிக்கு வட்டியை மட்டும் திருப்பித் தந்தார்கள். வட்டி எங்கள் தலையில்தான். ஓடாத வண்டிக்கு வட்டி கட்டினோம். கேட்டால், நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள் என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் மெஷின் இருந்தால் அம்மாவுக்கும் பாருங்கள். அடுப்படியிலிருந்து வந்த கையோடு வேண்டாம், காபி குடித்த உடனேயும் வேண்டாம். முதலில் அவரை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள்.