கப்பல் புகையைச் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் சில நாள் கரி படிகிறது. செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றனவாமே, அதைப் பார்த்து எந்தக் கப்பல் என்று கண்டுபிடித்துப் புகார் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் ஊரில் அது நடக்காது. நடுக்கடலில் என்றால் ஓரளவு முடியும்.

இந்த வேலைக்கு இப்போது பெரிதும் பயன்படுவது, ஐரோப்பா 2017 அக்டோபரில் ஏவிய சென்டினல்-5பி என்ற செயற்கைக்கோள். அதிலுள்ள ட்ரோபோமி கருவிக்குக் கரி தெரியாது. எஞ்சின் புகையால் காற்றில் சேரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு சூரிய ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்றுதான் அது அளக்கிறது. படத்தில் ஒரு கட்டம் என்பது சுமார் 5.5 கி.மீ. நீளம், 3.5 கி.மீ. அகலம். துறைமுகம், ஒட்டியிருக்கும் அனல்மின் நிலையம், லாரிகள் போகிற சாலை எல்லாம் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். தவிர, அது நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணிவாக்கில்; ராத்திரிப் புகை அதன் கணக்கில் வராது. மேகம் மூடினாலும் போச்சு.

இலங்கைக்குத் தெற்கே கதை வேறு. அங்கிருந்து சுமத்ராவின் வடமுனை வரை கப்பல்கள் ஒரே தடத்தில் வரிசைகட்டிப் போகின்றன. சுற்றிலும் வேறு புகை இல்லை. அதனால் 2004-லேயே, ட்ரோபோமியைவிட மிக மங்கலாகப் பார்க்கும் கோம் என்ற பழைய செயற்கைக்கோள் கருவியின் பல வருடத் தரவைச் சராசரி எடுத்தபோது, அந்தத் தடம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. பருவக்காற்று திசை மாறினால் கோடும் நகரும். எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்தே, அந்த வாயு சில மணி நேரம்தான் காற்றில் நிற்கிறது என்று கணக்கிட்டார்கள். மத்தியதரைக் கடலில் இன்னும் ஒரு படி மேலே போய், ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் தாமே ரேடியோவில் அறிவிக்கும் முறை) தரும் கப்பல் இருப்பிடத்தையும் காற்றின் திசையையும் பொருத்தி, தனித்தனிக் கப்பலின் புகையையே பிரித்துவிட்டார்கள். பெரிய கப்பலாக, வானம் தெளிந்த நாளாக இருந்தால் மட்டுமே இது சாத்தியம்.

கப்பல் புகையில் வரும் கந்தக விஷயத்தில் செயற்கைக்கோளை நம்ப வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்துக்கான உலக உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஒரு கப்பல் அதை மீறுகிறதா என்பது விண்ணிலிருந்து தெரியாது. டென்மார்க்கில் கிரேட் பெல்ட் பாலத்தில், கீழே போகும் கப்பலின் புகையில் கந்தகத்தை அளக்கும் மோப்பக் கருவி மாட்டியிருக்கிறார்கள். மற்றபடி, கப்பலிலேயே இருக்கும் பங்கர் ரசீதையும் (எரிபொருள் வாங்கிய சீட்டு) எண்ணெய் மாதிரியையும் அதிகாரிகள் சோதிப்பதுதான் முக்கிய வழி.

இனி உங்கள் துணிக்கு வருவோம். படிவது கப்பல் கரிதானா என்பதே எனக்குச் சந்தேகம்; அங்கே நிலக்கரியும் இறங்குகிறது. கொஞ்சத்தை வெள்ளைத் தாளில் தட்டி, மடித்து, தேதி எழுதி வையுங்கள். நுண்ணோக்கியில் நிலக்கரித் தூள் உடைந்த கல்போலக் கூர்முனையோடு இருக்கும். அனல்மின் சாம்பல் கண்ணாடி உருண்டை. கனரக எண்ணெய் எரிந்து வந்ததாக இருந்தால் கறுப்பாக, துளைத்துளையாக இருக்கும். பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம்.

கரி விழுந்த நேரம், காற்று வந்த திசை இரண்டையும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு கப்பலின் புகைபோக்கி கண்முன் கரும்புகை கக்கினால், நேரத்தோடு போட்டோ எடுத்து, கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் மரைன்டிராஃபிக் இணையதளத்தில் பெயரைப் பார்த்து, துறைமுக நிர்வாகத்துக்கும், கப்பல்களைச் சோதிக்கும் மத்திய அரசுத் துறையான மெர்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட்டுக்கும் எழுதுங்கள். நுண்ணோக்கியில் நிலக்கரி என்று வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். சென்டினல் படங்களை இலவசமாகத் தரும் கோப்பர்நிகஸ் பிரவுசர் இணையதளத்தின் படத்தையும் இணைப்பதானால் ஒரு நாள் படம் வேண்டாம், பல மாதச் சராசரியை வையுங்கள்.