நால்வர் சேர்ந்து படித்தால் என்கிளெக்ஸ் கைகூடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. என் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் பணிபுரிகிறேன். விடுதியில் உடன் தங்கியிருக்கும் மூன்று தோழிகளும் நானும் அமெரிக்க உரிமத்துக்கான என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிறோம். கோச்சிங் சென்டர் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வாட்ஸ்அப் குழுவில் தினமும் வினாக்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். ஒன்றுக்கு விடை பேசி முடிப்பதற்குள் அடுத்த பத்து வந்து விழுந்துவிடுகிறது. வீட்டிலோ, “கூட்டம் சேர்ந்தால் பேச்சுத்தான் வளரும், தனியாக உட்கார்ந்து படி” என்கிறார்கள். எது சரி?

பதில்: உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நீங்கள் விவரிக்கும் வாட்ஸ்அப் பழக்கத்தைச் சேர்ந்து படிப்பது என்று சொல்ல முடியாது. நான்கு பேரும் தனித்தனியாகக் களைத்துப்போவதற்குத்தான் அது உதவும். ஆனால் முறையாக நடத்தப்படும் ஒரு சிறு குழு, நம் ஊரில் படித்து நம் ஊர் வார்டுகளிலேயே பழகியவர்களுக்கு, நூறு பேர் அமர்ந்து கேட்கும் வகுப்பைவிடக் கூடுதலாகப் பயன்படும் என்பது என் கருத்து. தேர்வின் அமைப்பே அதற்குக் காரணம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வடிவத்தில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 வினாக்கள், மொத்தம் 5 மணி நேரம். நீங்கள் தரும் ஒவ்வொரு விடையையும் வைத்துக் கணினி அடுத்த வினாவின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. கடந்துவந்த வினாவுக்குத் திரும்பிச் செல்ல முடியாது. இவற்றுக்கிடையே ஒரே நோயாளியை மையமாக வைத்து ஆறு வினாக்கள் கொண்ட கேஸ் ஸ்டடிகள் மூன்று வரும். அந்த ஆறு வினாக்களும், குறிகளைக் கண்டறிதல், அவற்றை அலசுதல், எது அவசரம் என வரிசைப்படுத்துதல், செய்யக்கூடியவற்றைத் திட்டமிடுதல், செயலில் இறங்குதல், பலன் கிடைத்ததா என மதிப்பிடுதல் என்ற ஆறு படிகளை ஒட்டியே அமைந்திருக்கும். ஆகவே இங்கே சோதிக்கப்படுவது உங்கள் யோசனை சென்ற வழி. அந்த வழியில் எங்கே சறுக்குகிறோம் என்பது நமக்கே தெரிவது அரிது. வாய்விட்டுச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். இதயச் செயலிழப்புக்காக டிகாக்சினும் ஃப்யூரோசமைடும் எடுத்துவரும் 72 வயது முதியவர், இரண்டு நாளாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை, குமட்டுகிறது, விளக்கைப் பார்த்தால் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். நாடித் துடிப்பு 54, பொட்டாசியம் 3.0. செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? குமட்டலுக்கு எழுதியிருக்கும் மருந்தைக் கொடுப்பதா, சிறிது சிறிதாகச் சாப்பிடச் சொல்வதா, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்த அழுத்தம் பார்ப்பதா, இன்றைய டிகாக்சினை நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிப்பதா?

உங்கள் நால்வரில் இருவர் கடைசி விடையைச் சொல்லக்கூடும். காரணம் கேட்டால் ஒருவர், “துடிப்பு 60-க்குக் கீழே போனால் டிகாக்சின் கொடுக்கக் கூடாது, படித்திருக்கிறேன்” என்பார். விடை சரிதான்; காரணம் அரைகுறை. அங்கேயே நிறுத்திவிடாமல் அடுத்தவர், “அப்படியென்றால் துடிப்பு 66 இருந்தால் கொடுத்துவிடுவாயா?” என்று கேட்க வேண்டும். அப்போதுதான் முழுச் சங்கிலியும் வெளியே வரும்: ஃப்யூரோசமைடு பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது, இவருக்கு இருப்பதைப் போல் பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சுத்தன்மை ஏறுகிறது, பசியின்மையும் குமட்டலும் மஞ்சள் பார்வையும் அந்த நச்சின் அடையாளங்கள். எனவே துடிப்பு 66 ஆக இருந்தாலும் மருந்தை நிறுத்திவைக்கத்தான் வேண்டும். குமட்டல் மருந்தைத் தேர்ந்தெடுத்த தோழியும் தாம் முதல் படியிலேயே குறியைத் தவறவிட்டதை இப்போது உணர்வார். இந்த ஒரு வினாவுக்கு இருபது நிமிடம் ஆனாலும் ஆகட்டும். ஸ்க்ரீன்ஷாட்டில் ஐம்பது வினாக்களை ஓட்டிப் பார்ப்பதைவிட அது மேல்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பேச்சுத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் தனியாகத் தாளில் எழுதி முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழுவில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர் சொல்வதற்கு மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். அதைத்தான் உங்கள் வீட்டார் பேச்சு வளர்வது என்கிறார்கள் போலும்.

நம் வார்டுப் பழக்கமே தேர்வில் எதிராக வரும் இடங்கள் சில உண்டு, குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை அவற்றுக்கு ஒதுக்குங்கள். முதலாவது, யாருக்கு எந்த வேலையை ஒப்படைப்பது என்பது. அமெரிக்க வார்டில் ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியருக்குக் கீழே எல்.பி.என். என்ற உரிமம் பெற்ற செவிலியரும், உரிமம் இல்லாத உதவியாளரும் இருப்பார்கள். நம் மருத்துவமனைகளில் அந்த நடுப்படி பெரும்பாலும் கிடையாது. சாப்பாடு ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது எல்லாம் நோயாளியுடன் தங்கியிருக்கும் சொந்தக்காரர் தலையில் விழுகிறது. ஆகவே இந்த வினாக்கள் நமக்கு அந்நியமாகவே தோன்றும். 2023-ஆம் ஆண்டுத் தேர்வுத் திட்டத்தில் இவை அடங்கிய பராமரிப்பு மேலாண்மைப் பிரிவுக்கு 15 முதல் 21 விழுக்காடு வரை இடம் இருந்தது. வேறெந்தப் பிரிவுக்கும் அவ்வளவு இல்லை. உங்களில் ஒருவர் ஆர்.என்., ஒருவர் எல்.பி.என்., ஒருவர் உதவியாளர் என்று வைத்துக்கொண்டு, நான்காமவர் ஆறு நோயாளிகளின் ஹேண்டோவர் (பணி மாறும்போது நிலவரம் சொல்வது) கொடுக்கட்டும், வேலைகளை மூவருக்கும் பிரித்துக் கொடுங்கள். முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், பலனை எடைபோடுதல், நிலை தடுமாறும் நோயாளி ஆகியவை ஆர்.என். கையை விட்டுப் போகக் கூடாது என்பது இரண்டு மூன்று முறை செய்தாலே மனத்தில் பதிந்துவிடும்.

இரண்டாவது, ஆறுதல் சொல்வது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு பயந்துபோயிருப்பவரிடம், “ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா இருங்க” என்று சொல்லியே நாம் வளர்ந்திருக்கிறோம். தேர்வில் அது தவறான விடை. உறுதி தர முடியாத ஒன்றை உறுதியாகச் சொல்வதும், அவர் மேற்கொண்டு பேசவிடாமல் வாயடைப்பதுமாக அது கருதப்படுகிறது. “எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள், சொல்லுங்கள்” என்ற பொருளில் இருக்கும் விடையே பெரும்பாலும் சரி. “ஏன் பயப்படுகிறீர்கள்?” என்பதும் கூடாது. (அன்போடு சொல்லும் நம் ஊர் ஆறுதல் எல்லா இடத்திலும் குற்றம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் தேர்வு அறையில் அதைப் பற்றி வாதாட முடியாது.)

மருந்துப் பெயர்களும் அப்படித்தான். நாம் பாரசிட்டமால், அட்ரினலின், சால்பூட்டமால் என்பவை அங்கே அசிட்டமினோஃபென், எபிநெஃப்ரின், ஆல்பியூடரால். இதற்குக் குழு தேவையில்லை, தனியாக எழுதிப் பழகுங்கள்.

பொருந்தும் விடைகள் அனைத்தையும் குறிக்கச் சொல்லும் வினாக்களில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. சரியானதற்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று கழியும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஐந்தில் மூன்று சரி என்று வைத்துக்கொண்டால், உறுதியாகத் தெரிந்த இரண்டை மட்டும் குறித்தவருக்கு இரண்டு மதிப்பெண். ஆசைப்பட்டு ஐந்தையும் குறித்தவருக்கு ஒன்றுதான். ‘இதை ஏன் விட்டாய்’ என்பதைப் போலவே ‘இதை ஏன் குறித்தாய்’ என்றும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, நால்வரின் டியூட்டி ரோஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நைட் டியூட்டி முடிந்த காலையும் வேண்டாம், ஞாயிறு மதியம் அரிசிபருப்புச் சாதம் சாப்பிட்ட கையோடும் வேண்டாம். மற்ற நாள்களில் தனியாக, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் பொறுமையை எந்தத் தோழியாலும் உங்களுக்குக் கடன் தர முடியாது.

கேள்வி: எங்கள் குழுவில் இருந்த ஒரு அக்கா தேர்வு எழுதிவிட்டு வந்தார். நினைவில் இருக்கும் வினாக்களை எழுதித் தருவதாகச் சொல்கிறார். வேறொரு குழுவில் இதற்குப் பணமும் கேட்கிறார்கள். வாங்கிப் படிக்கலாமா? – பெருந்துறை வாசகி

பதில்: வேண்டாம். தேர்வின் உள்ளடக்கத்தை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் கணினி முன் அமர்கிறார்கள். அதை மீறியது தெரிந்தால் முடிவு ரத்தாகலாம், உரிமம் கிடைப்பதும் சிக்கலாகலாம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது பொருந்தும். பெரிய வினா வங்கியிலிருந்து ஒவ்வொருவரின் திறனுக்கேற்ப வினா வருவதால், அந்த அக்காவுக்கு வந்தது உங்களுக்கு வரும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை. அவரிடம் கேட்க வேறு நிறைய இருக்கிறது: இடைவேளை எப்போது எடுத்தார், எந்தப் பாடத்துக்கு எப்படித் தயாரித்தார், பதற்றம் வந்தபோது என்ன செய்தார் என்று கேளுங்கள்.

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து படித்தோம். மற்ற நால்வரும் 85 வினாக்களில் முடித்துத் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள். எனக்கு 150 வரை போய், தோல்வி. குழுவில் முகம் காட்டவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு இந்தத் தேர்வு சரிப்படாதோ? – நாமக்கல் வாசகி

பதில்: வினா எண்ணிக்கையை வைத்து உங்களை நீங்கள் எடைபோட வேண்டாம். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா, கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் கணினி நிறுத்திவிடும். 85-இலேயே தோற்பவர்களும் உண்டு, 150-இல் தேறுபவர்களும் உண்டு. 150 வரை போனது, கடைசி வரை நீங்கள் அந்தக் கோட்டை ஒட்டியே நின்றீர்கள் என்பதைக் காட்டுகிறது.

தேர்ச்சி பெறாதவர்களுக்கு அனுப்பப்படும் செயல்திறன் அறிக்கையில், ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் தேர்ச்சி நிலைக்கு மேலா, அருகிலா, கீழா என்று குறித்திருக்கும். மறுபடி எழுதக் குறைந்தது 45 நாள் இடைவெளி தேவை. அந்த நாள்களை மீண்டும் முதல் பக்கத்திலிருந்து படிக்கச் செலவிடாமல், ‘கீழ்’ என்று வந்த பிரிவுகளில் செலவிடுங்கள். அமெரிக்க உரிமத்துக்கான பதிவுக் கட்டணம் 200 டாலர், இந்தியா போன்ற வெளிநாட்டு மையத்தில் எழுதினால் மேலும் 150 டாலர் என்ற நிலையில், வீம்புக்காக அவசரப்பட்டு நாள் குறிப்பது கையைக் கடிக்கும்.

குழுவைப் பற்றிக் கேட்கிறீர்கள். பெரிய குழுவிலிருந்து தற்போதைக்கு விலகிக்கொள்ளுங்கள். வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவே யாராலும் படிக்க முடியாது. ஆனால் தேறிய நால்வரில் மனத்துக்கு நெருக்கமான ஒருவரிடம் அந்த அறிக்கையைக் காட்டி, வாரம் ஒரு முறை உங்கள் காரணங்களைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் பாடம் நடத்தத் தேவையில்லை. நீங்கள் பேச, அவர் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். ‘விடுடி, அடுத்த முறை பார்த்துக்கலாம்’ என்று மட்டும் சொல்லும் தோழி நல்லவர்தான், ஆனால் இந்த வேலைக்கு உதவ மாட்டார்.

கேள்வி: கைக்குழந்தையோடு தாராபுரத்தில் இருக்கிறேன். என் தோழி திருப்பூரில். இருவரும் போனில்தான் படிக்கிறோம். தேர்வு அனுமதி வந்துவிட்டது. இனி என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: போனில் படிப்பதில் குறை ஒன்றுமில்லை, குழந்தை தூங்கும் அரை மணி நேரத்தில் மூன்று வினாக்களைக் காரணத்தோடு பேசினாலே போதும். அனுமதிக் கடிதத்தின் காலத்தை நீட்டிக்க முடியாது என்பதால் இன்றே நாளைப் பதிவு செய்யுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் மையங்கள் உள்ளன. உங்கள் பக்கத்திலிருந்து பெங்களூர் கிட்டம். எதுவானாலும் முந்தைய நாளே போய்த் தங்குங்கள், இரவுப் பேருந்தில் இறங்கிய கையோடு தேர்வுக்குப் போகாதீர்கள்.

இருவரும் ஒருவர் பாஸ்போர்ட்டை மற்றவர் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இங்குள்ள மையத்தில் அடையாளமாக ஏற்கப்படுவது பாஸ்போர்ட்தான். அதில் உள்ள பெயரும் அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். நம் சான்றிதழ்களில் இனிஷியலும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் அல்லது கணவரின் முழுப் பெயரும் இருப்பது சகஜம். சில பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் இடம் காலியாகவே இருக்கும். வேறுபாடு தெரிந்தால் தேர்வு நாளுக்கு முன்பே எழுதிக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்; அன்று காலை வாசலில் நின்று விளக்கினால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்ப வராது.