வாகனக் கேள்வி–பதில்: உயரம் சரி, ஓட்டம் சரியில்லை

கேள்வி: டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்போல் வேலை செய்யும் இரும்புத் தண்டு) உள்ள பழைய டீசல் பிக்கப். இடது முன்சக்கரம் லோங்காங்கில் (சாலையோர வடிகாலில்) இறங்கியதால், வெட்டிய பழைய வண்டிகளின் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடையில் இடப்பக்க லோவர் ஆர்மும் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கையும்) டோர்ஷன் பாரும் வாங்கி மாற்றினோம். இடப்பக்கம் தாழ்ந்து நின்றதால் பாரின் உயரம் சரிசெய்யும் போல்ட்டை முறுக்கி உயர்த்தினோம். இப்போது வண்டி இடது பக்கமே இழுக்கிறது. சாலை பம்ப் (வேகத்தடை) இறங்கும்போது 'டக்' என்கிறது. இரண்டு முறை அலைன்மெண்ட் செய்தும் பயனில்லை.
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: முதலில் அந்தப் போல்ட்டை இனிமேல் முறுக்காதீர்கள். அது உயரத்தை மட்டும்தான் மாற்றும்; பொருந்தாத சாமானைப் பொருந்த வைக்காது. அதிகம் முறுக்கினால் ஆர்ம் கீழ்நோக்கி இறங்கும் இடம் குறைந்துவிடும். பம்ப் தாண்டிச் சக்கரம் இறங்கும்போது ஆர்ம் தடுப்பு ரப்பரில் மோதும். உங்கள் 'டக்' பெரும்பாலும் அதுதான்.

பாரைக் கழற்றிப் பல்லுள்ள முனையை வயர் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். கிரீஸுக்கும் சேற்றுக்கும் அடியில் பொதுவாக எல் (இடம்) அல்லது ஆர் (வலம்) என்று பொறித்திருப்பார்கள். தொழிற்சாலையிலேயே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கிய இரும்பு அது. வலப்பக்கப் பாரை இடப்பக்கம் போட்டால் தொய்ந்துவிடும், நாளடைவில் விரிசலும் விடும். இரண்டு பார்களின் தடிமனையும் வெர்னியரில் அளக்க வேண்டும். 24 மி.மீ. இருக்க வேண்டிய பக்கம் 25 மி.மீ. பார் வந்தால், நீளம் ஒன்றாக இருந்தாலும் விறைப்பு ஏறத்தாழ 18 சதவீதம் கூடும். கழற்றும்போது சேஸிஸைத் தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, போல்ட்டின் வெளியே தெரியும் மரையை அளந்து குறித்துக்கொண்டு, பிறகு தளர்த்துங்கள்.

இழுப்புக்கு வருவோம். டயர் காற்றைச் சமமாக்கி, சமதரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் அளங்கள். பின் அச்சு நேராக இருந்தும் இடப்பக்கம் 5 மி.மீ.க்கு மேல் குறைந்தால், ஆர்ம் வேறு ரகத்தினுடையது அல்லது வளைந்தது என்று சந்தேகிக்கலாம். ஆர்ம் நுனியிலுள்ள போல் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) பின்பக்கமாகப் போனால் அந்தப் பக்கத்துக் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்–பின் சாய்வு) குறையும். குறைந்த பக்கமே வண்டி இழுக்கும். சக்கரத்தின் டோவை (உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவை) மட்டும் திருத்தும் அலைன்மெண்ட் இதைத் தீர்க்காது. ஒரே உருவ பிக்கப்பிலும் டூ வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ் ஆர்ம்கள் மாறுபடுவதுண்டு. பழைய ஆர்மை அட்டையில் வரைந்து, புதியதை அதன்மேல் வைத்துப் பாருங்கள். நம் சாலைகள் இடப்பக்கம் சரிவாக இருப்பதால், ஓட்டிப் பார்ப்பதைச் சரிவில்லாத சாலையில் செய்யுங்கள்.

மிக முக்கியமானது போல் ஜாயின்டின் பின் (நட்டு மாட்டும் தண்டு). அதன் கூம்புப் பகுதியில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடுகள் போட்டு, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகத்தின்) துளையில் செருகி அழுத்திச் சுழற்றி எடுங்கள். கோடுகள் முழு நீளமும் மங்கியிருந்தால் பொருத்தம். ஒரு வளையமாக மட்டும் அழிந்திருந்தால் கூம்பு வேறு. அப்படியே ஓட்டினால் துளை நீள்வட்டமாகத் தேயும், அந்தப் பின்னே முறியலாம், சக்கரம் மடங்கும். அந்த நிலையில் பினாங்குப் பாலத்தில் ஏற வேண்டாம். நட்டின் வெட்டு கோட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) துளைக்கு நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். தளர்த்திச் சரிசெய்வது தவறு.

கேள்வி: லோவர் ஆர்ம் புஷ் (ஆர்மைச் சேஸிஸில் மாட்டும் இடத்து ரப்பர்) மாற்றி மூன்றே மாதத்தில் கிழிந்துவிட்டது. மட்டமான ரப்பரா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: ரப்பரைக் குறை சொல்லும் முன், புஷ்ஷின் நட்டை எப்போது இறுக்கினார்கள் என்று ஃபோர்மனிடம் கேளுங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கியிருந்தால், வண்டி தரையில் நின்றதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டைத் தளர்வாக விட்டு, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நான்கைந்து முறை அமுக்கி ஆட்டி, அதன்பிறகு முழுதாக இறுக்க வேண்டும்.