இரண்டு கிலோ உப்பில் ஒரு சிட்டிகை

வாசகர் கேள்விகளுக்குச் சிறுநீரக ஆய்வாளர் ஒருவர் பதில் அளிக்கிறார்

கேள்வி: என் மகளுக்கு ஐந்தாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 134, கிரியேட்டினின் 0.5 என்று வந்திருக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் ‘குறைவு’ என்று குறி போட்டிருக்கிறார்கள். உப்பைக் கூட்டிக் கொடுக்கட்டுமா? கிட்னியில் ஏதாவது கோளாறா?

பதில்: முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு காலம் தள்ளுகிறவள். மகளைக் கவனிக்கும் மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிடுங்கள். அதற்காக அந்தக் குறியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ரிப்போர்ட்டில் அச்சாகும் அளவுகள் பெரும்பாலும் கர்ப்பம் இல்லாதவர்களுக்கானவை.

கரு தங்கிய சில வாரங்களிலேயே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடி, வடிகட்டும் வேகம் 50 சதவீதம் வரை ஏறிவிடும். தசைகளின் கழிவான கிரியேட்டினின் வேகமாக வெளியேறுவதால் ரத்தத்தில் அதன் அளவு இறங்கும். ஐந்தாம் மாதத்தில் 1.0 என்று வந்தால்தான் எனக்குக் கவலை. அதற்கு ரிப்போர்ட்டில் எந்தக் குறியும் விழாது என்பதுதான் வேடிக்கை. சோடியமும் லிட்டருக்கு 4, 5 மில்லிமோல் இறங்குவது வழக்கம். தாகம் எடுக்கும் வரம்பே கர்ப்பத்தில் கீழே வந்துவிடுகிறது. கொஞ்சம் நீர்த்த ரத்தம் போதும் என்று உடம்பு ஒத்துக்கொள்கிறது. அவர் உடம்பில் உப்பு முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கும், தண்ணீர் அதைவிடக் கூடுதலாக இருக்கும். நீங்கள் உப்பைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: கர்ப்பிணி எலிகளின் சிறுநீரகத்தை ஆராய்வதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். அதில் அப்படி என்ன புதிர்?

பதில்: ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரணமாக மனிதச் சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் உள்ள உப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கர்ப்பத்தில் இது இரண்டு கிலோவைத் தாண்டும். ஏறக்குறைய அத்தனையும் சிறுநீரகத்தின் நுண்குழல்களின் வழியே ரத்தத்துக்குத் திரும்பியாக வேண்டும். சரி, கர்ப்பகாலம் முழுக்கத் தாயும் சேயும் சேர்த்து வைக்கும் சோடியம் எவ்வளவு? சுமார் 950 மில்லிமோல், உப்பாகச் சொன்னால் 55 கிராம். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை! தினம் இரண்டு கிலோவைப் புரட்டி, ஒரு சிட்டிகையை மட்டும் தப்பாமல் எடுத்து வைப்பது எப்படி?

இந்தக் கணக்கு முடிவாகும் இடம் குழலின் கடைசிப் பகுதி. மைக்ரோஸ்கோப்பின் கீழ் அந்தக் குழலைத் தனியே பிரித்து, நீளவாக்கில் கீறித் திறந்து, கண்ணாடிப் பிப்பெட்டின் நுனியை ஒரு செல்லின்மேல் வைத்து மெல்ல உறிஞ்சுவேன். பல நாள் ஒட்டாது. ஒட்டினால் திரையில் மின்னோட்டம் ஒரு கோடாக ஓடும். அப்புறம் அமிலோரைடு என்ற மருந்து கலந்த கரைசலை விட்டதும் சோடியம் நுழையும் வாசல் அடைபட்டு மின்னோட்டம் குறையும். குறைந்த அளவுதான் அந்த வாசல் வழியாக வந்துகொண்டிருந்த சோடியம். அந்த வாசலுக்கு ஆய்வுக்கூடத்தில் ‘ஈநாக்’ என்று பெயர். கர்ப்பிணி எலிகளில் இது கூடுதலாக வேலை செய்கிறது. மருந்து கொடுத்து அடைத்தால் உப்புத் தேக்கமும் குறைகிறது, ரத்த அழுத்தமும் இறங்குகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன். ஈநாக்கை முடுக்கிவிடுவது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். அது கர்ப்பத்தில் பல மடங்கு ஏறுகிறது. சோடியம் உள்ளே வரும்போது பொட்டாசியம் சிறுநீரில் போவதுதான் அதன் குணம். அப்படியானால் கர்ப்பிணிக்குப் பொட்டாசியம் வற்றிப்போக வேண்டுமே? மாறாக, 300 மில்லிமோல் அளவுக்குச் சேருகிறது. கர்ப்பத்தில் கூடும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் ஆல்டோஸ்டிரோனுக்குக் குறுக்கே நிற்கிறது என்பது பழைய விளக்கம். ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்றும் அதே குழலில் இருக்கிறது. வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புக்குப் பங்காளி. புரோஜெஸ்டிரோன் அதையும் தூண்டுகிறது. என்னைக் கேட்டால், முக்கால்வாசி விடை இந்தப் பம்பில்தான் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: கால் வீங்குகிறது. ரத்த அழுத்தம் வராமல் இருக்க உப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோயைத் தடுக்க என்று கர்ப்பிணிக்கு உப்பைக் கட்டுப்படுத்துவதைப் பரிந்துரைக்கவில்லை என உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. மற்ற எல்லோரையும்போல அளவாகச் சாப்பிட்டால் போதும். மாலையில் கால் மட்டும் வீங்குவது சகஜம். முகமோ கையோ திடீரென வீங்கினாலும், விடாத தலைவலியோ கண் மங்கலோ இருந்தாலும், அன்றைக்கே போய் ரத்த அழுத்தம் பாருங்கள்.