ஆரம்பகால அமெரிக்கத் தங்க நாணயங்கள் ஏன் இவ்வளவு அரிது? சேகரிக்க எதிலிருந்து தொடங்கலாம்?

என்னிடம் இருப்பது இரண்டே இரண்டு காசுகள். ஆனால் பன்னிரண்டு வருஷமாக இதே நினைப்பாக இருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1803-ஆம் ஆண்டின் ஐந்து டாலர் காசிலிருந்து தொடங்குங்கள். 'ஹாஃப் ஈகிள்' என்பார்கள். எடை 8.75 கிராம், அதாவது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேல். தங்கமும் நம் வீட்டு வளையலில் இருப்பதுதான்: 22 கேரட், அதே 916. லென்ஸை வைத்து ஆண்டைப் பார்த்தால் 3-க்கு அடியில் ஒரு 2 எட்டிப் பார்க்கும். பிலடெல்பியா நாணயச்சாலையில் 1802-க்கென்று செய்த அச்சை வீணாக்க மனசில்லாமல் அதன்மேலேயே 3-ஐ அடித்துவிட்டார்கள். அந்த ஆண்டின் ஹாஃப் ஈகிள் எல்லாமே இப்படித்தான்.

என் காசில் கழுகின் மார்புக் கேடயத்தின் மேல் சாய்வாக நாலைந்து கோடுகள் உண்டு. முதலில் பார்த்தபோது யாரோ கீறிவிட்டார்கள் என்று நெஞ்சு பதறியது. அது கீறல் இல்லை. எடை கூடிப்போன வில்லையை, அச்சடிப்பதற்கு முன்பே அரத்தால் ராவிச் சரிசெய்திருக்கிறார்கள். அச்சின் அழுத்தம் முழுசாக விழாத இடத்தில் அந்தத் தடம் அப்படியே தங்கிவிட்டது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளி தராசைப் பார்த்துப் பார்த்து ராவிய கோடு அது. எனக்கு அந்தக் காசில் மிகவும் பிடித்த இடமே அதுதான். எடைதான் அன்று மதிப்பு. 1807 வரை அந்தக் காசில் 'ஐந்து டாலர்' என்று எங்கேயும் எழுதக்கூட இல்லை.

அரிதானதற்குக் காரணமும் எடையில்தான் இருக்கிறது. 1792 சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று விகிதம் வைத்தது. ஐரோப்பாவிலோ தங்கத்துக்குப் பதினைந்தரை பங்கு வெள்ளி கிடைத்தது. அப்புறம் வியாபாரி சும்மா இருப்பானா? தங்கக் காசை மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினான். அங்கே அது உருக்குக் கலத்துக்குப் போனது. 1834-இல் சட்டத்தை மாற்றிக் காசின் எடையை 8.36 கிராமாகக் குறைத்தார்கள். உடனே பழைய ஐந்து டாலர் காசின் தங்கம் மட்டுமே சுமார் 5.33 டாலர் பெறுமானம் ஆகிவிட்டது. மிச்சமிருந்ததையும் உருக்கினார்கள்.

அதனால் எத்தனை அச்சடித்தார்கள் என்ற எண்ணை நம்பாதீர்கள். 1815-இல் அடித்தது 635 ஹாஃப் ஈகிள்தான். அவற்றில் ஏறத்தாழ ஒரு டஜன் இன்றும் இருக்கிறது. 1822-க்கு நாணயச்சாலைக் கணக்கில் 17,796. இன்று உலகத்தில் இருப்பது மூன்றே மூன்று! அதில் இரண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். மூன்றாவது 2021 ஏலத்தில் 84 லட்சம் டாலருக்குப் போனது. எத்தனை தப்பிப் பிழைத்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள், முக்கியமாகப் பன்னிரண்டு மணி இடத்தை. நான் முதலில் வாங்கிய காசு ஒரு காலத்தில் யாருடைய கழுத்திலோ தொங்கியது. வளையத்தை எடுத்துவிட்டுப் பற்றவைத்த தடத்தை மெருகேற்றி மறைத்திருந்தார்கள். விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் பார்க்கத் தெரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் விளிம்பு வரிகள் மழுங்கியிருந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன். கொடுத்த விலையில் பாதி போச்சு. விற்க மனம் வரவில்லை, இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே முதல் காசைப் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற நாணயத் தரச்சான்று நிறுவனம் பரிசோதித்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்ததாக வாங்குங்கள். உறையில் 'டீட்டெயில்ஸ்' என்று போட்டிருந்தால் ஏதோ குறை உண்டு என்று அர்த்தம். என்ன குறை என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 1803 கிடைக்காவிட்டால் 1806, 1807, 1810, 1813 பாருங்கள், இவை ஏலங்களில் அடிக்கடி வரும். சுமாரான காசுக்கே சில ஆயிரம் டாலர் வேண்டும், அதனால் அவசரப்படாதீர்கள். 1820-களின் காசுகளை இப்போதைக்குப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.