வாயைத் திறந்தீர்கள், பார்த்தீர்களா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்து அரித்துவிட்டன. கைக்குழந்தை என்னோடு படுப்பதால் அவன் மாமியாரோடுதான் தூங்குகிறான். சர்க்கரை போட்ட பால் பாட்டில் இரவெல்லாம் வாயில் இருக்கும். "பால்பல் விழத்தானே போகிறது" என்கிறார் மாமியார். வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறேன் என்றாலும் ஒரு தடுப்பூசியைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும்போது வாயை இறுக்கிக்கொள்வான். நானும் நர்ஸம்மாவும் சேர்ந்து பிடித்துத் திறந்துதான் ஊற்றுவோம். மாமியாருக்கு எப்படிப் புரியவைப்பது? மகளுக்கு எட்டு மாதம்.
– வாசகி, கொண்டலாம்பட்டி, சேலம்

பதில்: மாமியார் சற்றுக் காத்திருக்கட்டும். போகிற போக்கில் நீங்கள் எழுதிய வைட்டமின் ஏ விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் மாதத்தில் ஒரு முறை, ஒன்றரை வயதையொட்டி ஒரு முறை, அதன்பின் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது அந்த மருந்தின் கணக்கு. அப்படியானால், எதையும் தவறவிடாத நீங்கள் இதுவரை 5 முறையாவது உங்கள் மகனின் வாயை, பகல் வெளிச்சத்தில், ஒரு செவிலியரின் கண்ணெதிரே திறந்து பிடித்திருக்கிறீர்கள். மருந்து உள்ளே இறங்கியதா என்று பார்த்த இருவரில் ஒருவர்கூடப் பல்லைப் பார்க்கவில்லை.

சொத்தை கறுப்பாகத் தொடங்குவதில்லை. கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காத்துக்கொள்வதால், பாட்டில் பாலின் கேடு மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, மங்கிய வெள்ளைக் கோடாகத்தான் முதலில் தெரியும். அதுவும் மேலுதட்டை விரலால் தூக்கினால்தான் தெரியும். அந்த நிலையில் பாட்டிலை நிறுத்தி, பல்லை வலுவாக்கும் ஃப்ளூரைடு வார்னிஷைப் பல் டாக்டரிடம் பூசியிருந்தால் பல் மீள வாய்ப்பிருந்தது. குழி விழுந்தபின் தானாக மீளாது. கொலுசில் ஒரு சலங்கை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற உங்களுக்கு, "இது என்ன கோடு?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நர்ஸம்மாவும் பார்த்திருக்க வேண்டியவர்தான். ஆனால் ஊசி நாளின் கூட்டத்தில் அவர் விட்டதைக் கேட்டு வாங்குவது பெற்றவளின் கடமை. அட்டையில் தேதி விழுந்ததோடு பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பவர்களின் கடிதங்கள் எனக்கு நிறையவே வருகின்றன.

மாமியார் சொல்வது பாதி உண்மை. முன்பற்கள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழும். கடைவாய்ப் பால்பற்களோ 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. சொத்தை அங்கே பரவிச் சீழ் கட்டினால் முகம் வீங்கும், சாப்பாடு குறையும். பல்லைப் பிடுங்க நேர்ந்தால் பிறகு அங்கே முளைக்கும் நிலைப்பல்லுக்கு இடம் நெருக்கும். இதை அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். கடிதம் முழுவதிலும் அவரைக் காணவில்லை. பேரனை அணைத்துக்கொண்டு படுக்கிற பெரியவரை மருமகள் திருத்தப் போவது முறையும் அல்ல, பலிப்பதும் இல்லை. பெற்ற மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "பாலைத் தம்ளரில் கொடுத்து, பல் துலக்கிவிட்டுத் தூங்க வையம்மா, அதன்பின் தண்ணீர் மட்டும்" என்று சொல்லட்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்கு இந்த வாரமே மகனை அழைத்துப் போவதும் அவர் வேலையாகவே இருக்கட்டும். ஒரு நாள் கூலி போனால் போகட்டும். வீட்டில் காலையும் இரவும் பட்டாணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட்டால் பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும். மகளுக்குப் பல் முளைத்ததிலிருந்தே அரிசி அளவு போதும். மகன் வாயில் வைத்த ஸ்பூனால் அவளுக்கு ஊட்டாதீர்கள். சொத்தைக் கிருமி எச்சில் வழியே போகும்.

அடுத்த மாதம் மகளுக்கு ஒன்பதாம் மாத ஊசியோடு முதல் வைட்டமின் ஏ மருந்தும் கொடுப்பார்கள். வாயைத் திறந்த கையோடு மேலுதட்டையும் தூக்கிப் பார்க்கும்படி நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் அன்றைக்கே அங்குள்ள டாக்டரிடம் காட்டுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், பார்த்து முடிக்கும்வரை நகராதீர்கள்.